கருணைக்கொலை என்ற பேச்சு எழும்போது: பேச முடியாத குழந்தைக்காக முடிவெடுப்பது எப்படி

"இப்படித் துடிப்பதைவிடப் போய்ச் சேர்ந்தால் தேவலை" என்று பெற்றோர் சொன்னால் அதிர வேண்டாம், உபதேசமும் வேண்டாம். முதலில் வலியைத் தேடுங்கள். கடும் மூளை முடக்குவாதம் உள்ள குழந்தை ஓயாமல் அழுதால் காரணம் பல நேரம் மூளையில் இருக்காது. இடுப்பு மூட்டு விலகியிருக்கும், வயிற்று அமிலம் எதுக்களிக்கும், மலம் இறுகியிருக்கும், பல் சொத்தையாகியிருக்கும், வலுவிழந்த எலும்பு உடை மாற்றும்போது முறிந்தது யாருக்கும் தெரிந்திருக்காது. இவை எல்லாவற்றுக்கும் சிகிச்சை உண்டு. "இந்த மாதிரி குழந்தை அழத்தான் செய்யும்" என்று விட்டுவிடுவதுதான் பெரிய தவறு.

வலியை அளக்க 'ஃபிளாக்' அளவுகோல் இருக்கிறது. முகம், கால்கள், உடல் அசைவு, அழுகை, தேற்றினால் அடங்குகிறதா என்பவை ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை, மொத்தம் 10. 4 அல்லது அதற்கு மேல் போனால் வலி மருந்து போதுமா என்று மருத்துவர் உடனே பார்க்க வேண்டும். தசை இறுக்கம் உள்ள குழந்தையின் கால்கள் வலியில்லாதபோதும் விறைத்திருக்கும். ஆகவே வலி வந்தால் இந்தக் குழந்தை என்ன செய்யும் என்று தாயிடம் கேட்டு அந்த அளவுகோல் அட்டையில் சேர்த்துக்கொள்ளுங்கள். சாப்பாடு, குளியல், தூக்கம் என நேரம் குறித்துச் சில நாள் எழுதினால்தான் காரணம் பிடிபடும். வலுவான வலி மருந்தான மார்ஃபின் தொடங்கினால் மலமிளக்கியும் கூடவே வேண்டும். இல்லாவிட்டால் மருந்தே மலத்தை இறுக்கிப் புது வலியைக் கொண்டுவரும்.

பிறகு, வேதனை யாருடையது என்று பிரியுங்கள். தூக்கமில்லாத இரவுகள், கடன், "எங்களுக்குப் பிறகு யார் பார்ப்பார்கள்?" என்ற பயம் எல்லாம் நிஜம்தான். ஆனால் அதற்குத் தேவை ஆள் துணையும் பணமும் ஓய்வும். அதைக் குழந்தையின் கணக்கில் எழுதக் கூடாது.

ஊசி போட்டு உயிரை முடிப்பது இந்தியாவில் கொலைக் குற்றம். பெற்றோர் கையெழுத்து அதை மாற்றாது. (2014இல் கருணைக்கொலைக்கான வயது வரம்பை நீக்கிய பெல்ஜியத்தில்கூடக் குழந்தையே புரிந்து கேட்க வேண்டும். கடும் அறிவுசார் குறைபாடுள்ள குழந்தை அந்தச் சட்டத்துக்குள் வராது.)

மீள வழியில்லாத நிலையில் வென்டிலேட்டர் போன்ற சிகிச்சையை நிறுத்துவது வேறு. உச்ச நீதிமன்றத்தின் 2018 தீர்ப்பும் 2023 திருத்தமும் அதற்கு வழி சொல்கின்றன. சிகிச்சை தரும் மருத்துவரும், 5 ஆண்டு அனுபவமுள்ள இரு நிபுணர்களும் அடங்கிய முதல் குழு கூடி, குடும்பத்தின் ஒப்புதலை எழுத்தில் பெறும். மாவட்டத் தலைமை மருத்துவ அலுவலர் நியமிக்கும் மருத்துவரும் வேறு இரு நிபுணர்களும் கொண்ட இரண்டாம் குழு அதைச் சரிபார்க்கும். ஒவ்வொரு குழுவும் கூடுமானவரை 48 மணி நேரத்துக்குள் கருத்துச் சொல்ல வேண்டும். நிறுத்தும் முன் மருத்துவமனை மாஜிஸ்திரேட்டுக்குத் தகவல் தரும். மூச்சுத்திணறலுக்கான மருந்தை வென்டிலேட்டரை எடுத்த பிறகு தேடுவது கொடுமை; முன்பே ஓடிக்கொண்டிருக்க வேண்டும். இரண்டாம் குழு மறுத்தால் குடும்பமோ மருத்துவரோ மருத்துவமனையோ உயர் நீதிமன்றத்தை அணுகலாம். அதுவரை சிகிச்சை தொடரும்.