மனநல அலுவலகத்தில் கோப்பு பார்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மனநலத் துறை அலுவலகத்தில் இளநிலை உதவியாளராகவோ, டேட்டா என்ட்ரி ஆபரேட்டராகவோ, திட்ட ஒருங்கிணைப்பாளராகவோ புதிதாகச் சேர்பவர்கள் பலர் முதல் வாரத்திலேயே ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். நோயாளியைப் பார்ப்பது டாக்டர் வேலை, நமக்குக் கோப்புதான் என்று. கீழே சொல்லப்போகும் தவறுகளில் முக்கால்வாசி அந்த நினைப்பில்தான் பிறக்கின்றன.

தபால் உறையிலிருந்தே ஆரம்பிக்கிறேன். மாற்றுத்திறனாளி சான்றிதழுக்கான மதிப்பீட்டுக்கு வரச்சொல்லி ஒருவருக்குக் கடிதம் போகிறது. உறையின் மூலையில் துறையின் பெயரும் 'கீழ்ப்பாக்கம், சென்னை–10' என்பதும் ரப்பர் ஸ்டாம்பில் பளிச்சென்று இருக்கின்றன. 1794-இல் தொடங்கி 1871-இல் இப்போதைய இடத்துக்கு வந்த மனநல மருத்துவமனையின் புண்ணியத்தில், சென்னையில் ஒருவரை மட்டம்தட்ட அந்தப் பேட்டையின் பெயர் ஒன்றே போதும். ஒரே வாசலுக்குள் ஆறு குடித்தனம் இருக்கும் புளியந்தோப்பு வீட்டில் தபால்காரர் அந்த உறையை யாரிடம் கொடுப்பார்? ஹவுஸ் ஓனரிடம், இல்லாவிட்டால் வாசல் மளிகைக்கடையில். சாயங்காலத்துக்குள் தெருவுக்கே தெரிந்துவிடும். அடுத்த மாதம் வீட்டைக் காலிசெய்யச் சொன்னால், அதற்கு நம் ஸ்டாம்புதான் காரணம் என்பது நம் காதுக்கு வரவே வராது. அனுப்புநர் இடத்தில் கதவு எண், தெரு, பின்கோடு மட்டும் இருந்தால் போதும்.

போன் செய்தாலும் அப்படித்தான். வேறு யாராவது எடுத்தால் எங்கிருந்து பேசுகிறோம் என்று சொல்ல வேண்டாம். அவர் எப்போது இருப்பார் என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிடுங்கள். விண்ணப்பத்தை வாங்கும்போதே "இந்த நம்பர்ல யார் எடுப்பாங்க, எங்கேருந்துன்னு சொல்லலாமா?" என்று கேட்டு ஓரத்தில் எழுதிவைத்துக்கொள்பவர்களுக்கு இந்தத் தலைவலியே இல்லை.

அடுத்தது எக்செல். மேலிடம் கேட்பது, இந்த மாதம் எத்தனை பேர் என்கிற ஒரே ஓர் எண். நாம் வாட்ஸ்அப் குரூப்பில் தட்டிவிடுவதோ பெயர், வயது, நோய், கைப்பேசி எண் எல்லாம் உள்ள முழு ஃபைலை. "பேர் இருக்கிற வரிசையை ஹைட் பண்ணிட்டுதான் அனுப்பினேன் சார்" என்பார்கள். ஹைட் செய்ததைத் திறக்க ஒரு நொடி போதும். எண்ணிக்கையைத் தனி ஷீட்டில் தட்டச்சு செய்து அதை மட்டும் அனுப்ப வேண்டும். இ-ஆபீஸில் பொருள் எழுதும்போதும் இதே கவனம் தேவை. 'திருமதி இன்னார், வியாசர்பாடி, மனச்சிதைவு நோய், கணவர் மனு' என்று பொருள் போட்டுவிட்டால், கோப்பைத் திறக்காதவர் கண்ணிலும் அது படும். பதிவு எண்ணும் என்ன மனு என்பதும் போதும்.

இதெல்லாம் டாக்டர்களுக்கான விதி என்று வாதம் செய்பவர்கள் உண்டு. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 24-ஆம் பிரிவைப் படித்தால் அந்த வாதம் நிற்காது. சிகிச்சையில் இருப்பவரின் புகைப்படமோ வேறு தகவலோ அவர் சம்மதம் இல்லாமல் ஊடகத்துக்குப் போகக்கூடாது. கணினியில் இருக்கும் தகவலுக்கும் ரகசியக் காப்பு பொருந்தும் என்கிறது அது. சட்டத்தை மீறுகிறவருக்கு முதல் முறைக்கே ஆறு மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது 108-ஆம் பிரிவு. அக்டோபர் 10 உலக மனநல தினத்தன்று நோயாளிகளை வரிசையாக நிறுத்திப் படமெடுத்துப் பத்திரிகைக்கு அனுப்பும் ஆர்வம் நமக்கெல்லாம் உண்டு. மேடையை எடுங்கள், பேனரை எடுங்கள். பேனரில் 14416 என்ற உதவி எண்ணை அச்சுக்குப் போகுமுன் ஒருமுறை அழைத்துப் பார்த்துவிடுங்கள்.

பதிவேட்டில் அதிகம் சறுக்குவது இனிஷியலில். கல்யாணத்துக்கு முன் எம். லட்சுமி, பிறகு ஆர். லட்சுமி, ரேஷன் கார்டில் லெட்சுமி. ஓ.பி. சீட்டில் ஒன்றும் ஆதாரில் இன்னொன்றுமாக இருந்தால் ஒரே பெண் இரண்டு நோயாளியாகிவிடுவார். எண்ணிக்கை கூடுவது கூடப் பெரிய விஷயமில்லை. ஆறு மாதமாக மருந்துக்கு வராதவர்கள் பட்டியலில் ஒரு லட்சுமி நிற்பார், இன்னொரு லட்சுமி மாதாமாதம் வந்து வாங்கிக்கொண்டிருப்பார். களப்பணியாளர் வெயிலில் அவர் வீட்டைத் தேடி அலைவார். தெருவிலிருந்து போலீஸ் அழைத்துவந்த, பெயர் தெரியாதவர்களுக்கு வார்டில் ஒரு பெயர் வைத்திருப்பார்கள். குணமாகி உண்மைப் பெயரைச் சொன்னதும் பழையதை அடித்துவிட்டு எழுதாதீர்கள். இரண்டையும் '(எ)', அதாவது 'என்கிற', போட்டுச் சேர்த்து எழுதுங்கள். இல்லாவிட்டால் பழைய பெயரில் உள்ள மருந்துச் சீட்டெல்லாம் அநாதையாகிவிடும்.

மருந்து இண்டென்டில், அதாவது கிடங்குக்கு அனுப்பும் மருந்துத் தேவைப் பட்டியலில், நடக்கும் தவறு இன்னும் நுட்பமானது. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகக் கிடங்கிலிருந்து பாஸ்புக்கில் பதிந்து மருந்து எடுக்கிறோம். எவ்வளவு கேட்பது? போன மாதச் செலவைப் பார்த்து அதையே எழுதுவது வழக்கம். மனநிலை ஏற்றத்தாழ்வு நோய்க்கான லித்தியம் மாத்திரை 40 பேருக்கு, ஆளுக்குத் தினம் 3 என்று வைத்துக்கொள்வோம். மாதம் 3,600 வேண்டும். போன மாதம் 15 நாள் இருப்பு இல்லை, அதனால் பதிவேட்டில் செலவு 1,800. அதைப் பார்த்து 1,800 கேட்டால் இந்த மாதமும் பதினைந்தாம் தேதி தீர்ந்துவிடும். இல்லாத மருந்து எப்படிச் செலவாகும்? லித்தியத்தைத் திடீரென்று நிறுத்தினால் நோய் வேகமாகத் திரும்பும் ஆபத்து உண்டு. அதனால் இருப்பு இல்லாத நாட்களைத் தனியாகக் குறித்துவைத்து, செலவை விட்டுவிட்டு ஆள் கணக்கில் போடுவதுதான் முறை. ஃபார்மசிஸ்ட் பார்த்துக்கொள்வார் என்று விடாதீர்கள். அவர் கையெழுத்துப் போடுவதற்கு நாம் தட்டச்சு செய்த தாள்தான் வரும்.

தேதி விஷயத்தில் தயவுதாட்சண்யமே கூடாது. தானாக முடிவெடுக்க அதிக உதவி தேவைப்படும் ஒருவர், அவருடைய பிரதிநிதியின் விண்ணப்பத்தின்பேரில் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 89-ஆவது பிரிவின்கீழ் சேர்க்கப்பட்டால் மனநல மறுஆய்வு வாரியத்துக்கு 7 நாளில் தெரிவிக்க வேண்டும். பெண்ணோ, 18 வயதுக்குக் கீழானவரோ என்றால் 3 நாள்தான். அந்தச் சேர்க்கை 30 நாள் வரைதான் செல்லும். வெள்ளி மாலை ஒரு பெண் சேர்ந்தால் திங்கள் காலை நிதானமாக டீ குடித்துவிட்டுத் தபாலைப் பிரிக்கும்போது கெடு கிட்டத்தட்ட முடிந்திருக்கும். தன்பதிவேட்டில், அதாவது ஒவ்வொருவரும் தனக்கு வந்த தபாலைப் பதியும் ஏட்டில், தபால் வந்த தேதியைப் போடுகிறோமே, அதன் பக்கத்தில் சேர்க்கை தேதிக்கும் கெடு தேதிக்கும் ஒவ்வொரு கட்டம் போட்டுக்கொள்ளுங்கள். தகவல் உரிமை மனுவும் அப்படித்தான். பதிலுக்கு 30 நாள் இருக்கிறதே என்று அசட்டையாக இருந்தால், வேறு அலுவலகத்துக்குப் போக வேண்டிய மனுவை 5 நாளில் மாற்றிவிட வேண்டும் என்பது மறந்துபோகும். ஒருவரின் உயிரோ சுதந்திரமோ சம்பந்தப்பட்ட தகவல் என்றால் 48 மணி நேரம். உள்நோயாளிகள் இருக்கும் துறையில் அப்படிப்பட்ட மனு வரத்தான் செய்யும்.

பணத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை, எல்லாத் துறைக்கும் பொதுவானதுதான். பயிற்சிக்கு அட்வான்ஸ் கொடுத்ததையே செலவாகக் காட்டி, ஒதுக்கிய பணம் செலவாகிவிட்டது என்று சொல்லும் பயன்பாட்டுச் சான்றிதழ் போடாதீர்கள். பில் வந்த பிறகுதான் அது செலவு. கூட்டக் குறிப்பில் 'நடவடிக்கை எடுக்கப்படும்' என்று முடிக்காமல் யார், எந்தத் தேதிக்குள் என்று எழுதுங்கள்.

கடைசியாக, ஆள் மாறும் சமயம். திட்டப் பணியாளர்கள் பெரும்பாலும் ஒப்பந்தத்தில் இருப்பவர்கள். மார்ச்சில் ஒருவர் போவார், மே மாதம் இன்னொருவர் வருவார். போர்ட்டலின் ஓ.டி.பி. மட்டும் போனவரின் கைப்பேசிக்கே போய்க்கொண்டிருக்கும். ரிப்போர்ட் அனுப்ப வேண்டிய நாளில் "சிஸ்டர், ஒரு ஓ.டி.பி. வந்திருக்கா பாருங்களேன்" என்று கெஞ்சுவதைப் பல செக்ஷன்களில் கேட்கலாம். லாகின் எல்லாம் அலுவலக எண்ணிலும் அலுவலக மின்னஞ்சலிலும் இருக்கட்டும். விடுவிப்பு உத்தரவில் கையெழுத்தாகும் முன் அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, கைப்பேசியில் உள்ள நோயாளிப் பட்டியல்களை அழிக்கச் சொல்லுங்கள். குரூப்பிலிருந்தும் அன்றைக்கே எடுத்துவிடுங்கள்.