டிங்கிளுக்குப் போக இரண்டு பெயர் வேண்டும்

அயர்லாந்தின் தலைநகர் டப்ளினிலிருந்து கடலோர ஊரான டிங்கிளுக்குக் காரில் கிளம்புகிறவர்கள், போகிற வழியில் உள்ள ஊர்ப் பெயர்களை ஆங்கிலத்திலும் ஐரிஷிலும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

போன கோடையில், ஊரிலிருந்து வந்திருந்த தம்பியை அழைத்துக்கொண்டு கிளம்பினேன். டிங்கிளின் ஐரிஷ் பெயர் 'டேங்கன்' என்று எங்கோ படித்திருந்தவன், அதையே ஃபோனில் தட்டிவிட்டான். ஒன்றரை மணி நேரத்தில் ஊர் வந்துவிட்டது. ஆனால் அட்லாண்டிக் கடலைக் காணோம். எதிரே அமைதியாக ஒரு கால்வாய். "அக்கா, இங்க துறைமுகம் எங்க இருக்கு?" என்றான். ஆஃபலி கவுண்டியில் (நம்மூர் மாவட்டம் மாதிரி), கிராண்ட் கால்வாய்க் கரையில் இன்னொரு டேங்கன் இருக்கிறது. அது நாட்டின் நடுப்பகுதி. நாங்கள் போக வேண்டியதோ தென்மேற்கு மூலையில் உள்ள கெர்ரி!

அதனால் ஊர்ப் பெயரை மட்டும் நம்பாதீர்கள். தங்கும் விடுதியிடம் 'எயர்கோடு' கேட்டு வாங்குங்கள். 2015-இல் வந்த ஏழு எழுத்து அஞ்சல் குறியீடு இது. ஒவ்வொரு முகவரிக்கும் தனித்தனி. டிங்கிள் பக்கத்துக் குறியீடுகள் 'வி92' என்று தொடங்கும். அப்படித் தொடங்கினால் கெர்ரிக்குத்தான் போகிறீர்கள்.

கெர்ரியில் உள்ள டிராலி நகரம் வரை சிரமமில்லை. பலகைகளில் மேலே சாய்ந்த எழுத்தில் ஐரிஷ், கீழே பெரிய எழுத்தில் ஆங்கிலம். அங்கிருந்து என்86 சாலையில் போய், ஐரிஷ் பேசும் பகுதிக்குள் நுழைந்ததும் ஆங்கிலம் விடைபெற்றுவிடும். உங்கள் வரைபடம் 'வென்ட்ரி' என்னும். பலகை 'கியவுன் டிரா' என்னும். இரண்டும் ஒரே ஊர் என்று தோன்றவே தோன்றாது. 'டன்குவின்' அங்கே 'டூன் கீன்'. டிங்கிளே சில பலகைகளில் 'அன் டேங்கன்', சிலவற்றில் 'டேங்கன் ஈ கூஷ்'. எழுத்துக்கூட்டலும் உச்சரிப்பும் வேறு வேறு என்பதால், ஒலியை மட்டும் எழுதாமல் ஐரிஷ் எழுத்துகளையும் அப்படியே பார்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

எனக்கு இதில் எரிச்சல் வரவில்லை. நான் தூத்துக்குடிக்காரி, டூட்டிகொரின் என்ற பெயரோடு வளர்ந்தவள். மக்கள் தங்கள் ஊரைத் தங்கள் மொழியில் எழுதுவது நியாயம்தான். ஆனால் 2005-இல் ஐரிஷ் பேசும் பகுதிகளில் ஐரிஷ் பெயர் மட்டும்தான் என்றாகி, 'டிங்கிள்' என்ற பெயருக்குச் சட்டப்படி இடமில்லாமல் போனபோது, அந்த ஊர்க்காரர்களே எதிர்த்தார்கள். 2006 வாக்கெடுப்பில் இரண்டு பெயரும் வேண்டும் என்றார்கள். 2011-இல்தான் சட்டம் திருத்தப்பட்டு 'டிங்கிள்' திரும்பி வந்தது. ஆஃபலிக்குப் போய்வந்த எனக்கு அவர்கள் கவலை நன்றாகவே புரிகிறது.

சாலையில் 'கோ மால்' என்று எழுதியிருந்தால், பக்கத்தில் மால் எதுவும் கிடையாது. மெதுவாகப் போ என்று அர்த்தம். தம்பி அரை கிலோமீட்டர் கடை தேடினான். 'அன் லார்' என்றால் ஊர் மையம். 'கேல் ஷ்லீ' என்றால் வழிவிடு. அந்தப் பலகை தலைகீழ் முக்கோணம் என்பதால் படிக்காமலே தெரிந்துவிடும்.

டிங்கிளுக்குப் போக கானர் கணவாய் என்ற மலைச் சாலையும் உண்டு; அது சில இடங்களில் ஒரு கார் அகலம்தான். வாடகைக்குப் பெரிய வேன் எடுத்திருந்தால் அந்தப் பக்கம் வேண்டாம், என்86-இலேயே போங்கள். அப்புறம் டிங்கிளிலிருந்து மேற்கே சுற்றிவரும் ஸ்லே ஹெட் கடலோரச் சாலையைக் கடிகார முள் சுற்றும் திசையில் சுற்றுங்கள். பேருந்துகள் அப்படித்தான் போகும். எதிரே ஒன்று வந்து நின்றால் ஒதுங்க இடமிருக்காது.