வளைகுடாவிலிருந்து பதின்வயதுப் பிள்ளையிடம் பேசும் முறை

குமரி மாவட்டத்தின் கல்குளம், விளவங்கோடு பகுதிகளில் தந்தை வளைகுடா நாட்டில் வேலை பார்க்க, தாயும் பிள்ளைகளும் மட்டும் ஊரில் இருக்கும் வீடுகள் ஏராளம். அங்கே தந்தைக்கும் பதின்வயதுப் பிள்ளைக்குமான உறவு பெரும்பாலும் அலைபேசியில்தான் நடக்கிறது என்பதால், சீர்செய்வதையும் அதிலிருந்தே தொடங்க வேண்டும்.

துபாயில் வேலை முடிந்து, சமைத்துச் சாப்பிட்டு, இரவு 9 மணிக்கு அழைத்தால் நாகர்கோவிலில் 10.30, சவூதியிலிருந்து என்றால் 11.30. அரைத்தூக்கத்தில் பிள்ளை "ம்", "சரிப்பா" என்பதோடு நிறுத்துவதை மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ளாமல், பேச வசதியான நேரத்தைப் பிள்ளையிடமே கேட்டு, வாரம் ஒருமுறையாவது அந்த நேரத்தில் அழையுங்கள். எடுத்த எடுப்பில் மதிப்பெண் வேண்டாம். "மக்களே, இன்னைக்கி என்ன கறி?" என்று கேட்டால், "சாளை" என்ற பதிலுக்குப் பின், சாப்பிடாமல் எழுந்துபோன காரணமும் மெல்ல வெளிவரக்கூடும். தாய் பக்கத்தில் அமர்ந்து ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்தால் அது வராது.

இனி, பிள்ளைகள் மேல் ஏறும் சுமை. 1975-இல் போர் முடிந்தபின் வியட்நாமிலிருந்து அமெரிக்காவில் குடியேறிய பல குடும்பங்களில், ஆங்கிலம் தெரியாத பெற்றோருக்காக மருத்துவரிடமும் அலுவலகங்களிலும் பிள்ளைகளே மொழிபெயர்க்க நேர்ந்ததால், பெரியவர்களின் நோயும் பணக்கவலையும் முன்கூட்டியே அவர்கள் காதில் விழுந்தன. நம் வீடுகளில் மொழிச் சிக்கல் இல்லை. ஆனாலும் பத்தாம் வகுப்பு படிக்கும் மூத்த மகள் வங்கிக்குப் போய், கொத்தனாரின் கூலிக்கணக்கைப் பார்த்து, போதாக்குறைக்கு "உங்க அப்பாட்ட நீயே சொல்லு" என்ற தூதையும் சுமக்கிறாள். வங்கி வேலை பழகுவது நல்லதுதான். தூதுதான் கூடாது, கணவன் மனைவி பிணக்கை அவர்களே பேசி முடிக்க வேண்டும்.

விடுப்பில் வருபவர் முதல் வாரத்திலேயே புதுச் சட்டங்கள் போடாதிருப்பது நல்லது; அவர் இல்லாத இரண்டு ஆண்டுகளில் வீட்டுக்கென்று ஓர் ஒழுங்கு உருவாகியிருக்கும்.

தூக்கம், பசி, நட்பு ஆகியவற்றில் மாற்றம் இரண்டு வாரம் நீடித்தால் 14416 என்ற டெலி மனாஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும் செல்லலாம். சாவைப் பற்றிப் பேசினால் இரண்டு வாரம் காத்திராமல், பிள்ளையைத் தனியே விடாமல் அன்றைக்கே அழைத்துச் செல்லுங்கள். பிள்ளைக்குச் சம்மதமென்றால், மருத்துவரைப் பார்க்கும்போது தந்தையும் வீடியோ அழைப்பில் உடனிருக்கலாம்.