கிருஷ்ணகிரி அணைப்பக்கம் தூண்டில் போட விரும்புவோர் கயாக் வாங்கும் முன்

விடுமுறைக்குக் கிருஷ்ணகிரிக்கோ தருமபுரிக்கோ வருகிறவர்கள் காற்றடைக்கும் மீன்பிடிக் கயாக் (துடுப்பால் செலுத்தும் சிறு படகு) ஒன்றைக் கையோடு கொண்டுவர எண்ணினால், எந்த நீரில் இறங்கப்போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்துகொள்ள வேண்டும். ஒகேனக்கல்லை இந்தக் கணக்கில் சேர்க்கவே கூடாது. பாறைகளுக்கிடையே இழுத்தோடும் அந்தக் காவிரி, தலைமுறையாகப் பரிசல் ஓட்டுகிறவர்களுக்கே உரியது, அங்கே முதலைகளும் உண்டு. தென்பெண்ணையின் குறுக்கே கட்டப்பட்டு 1957-இல் திறக்கப்பட்ட கிருஷ்ணகிரி அணையின் தேக்கம், பாரூர் ஏரி போன்ற அலையற்ற நீரே இதற்கு ஏற்றது. அங்கும் மீன்பிடி உரிமை பெரும்பாலும் குத்தகையில் இருக்கும் என்பதால், நீர்வளத் துறை, மீன்வளத் துறை அலுவலகங்களில் முன்கூட்டியே கேட்டு அனுமதி பெறுங்கள். கிடைக்காவிட்டால் இறங்கவே வேண்டாம்.

தேங்கிய நீரில் வேகம் முக்கியமன்று, ஆடாமல் நிற்பதே முக்கியம். சுமார் 3 மீட்டர் நீளமும் 90 சென்டிமீட்டர் அகலமும் உள்ள கயாக், கட்லா மீன் ஒன்று பக்கவாட்டில் இழுக்கும்போதும் நிதானமாக நிற்கும். ஒடுக்கமானது விரைவாகப் போகும், ஆனால் திரும்பி உட்கார்ந்தாலே சாயும். அடித்தளம் டிராப்-ஸ்டிட்ச் வகையாக இருப்பது நல்லது. மேல் துணியையும் கீழ்த் துணியையும் ஆயிரக்கணக்கான நூல்கள் இழுத்துப் பிடித்திருப்பதால், அது 8 முதல் 10 பிஎஸ்ஐ (காற்றழுத்த அலகு) வரை காற்றைத் தாங்கிப் பலகைபோல விறைத்து நிற்கிறது. சாதாரண பிவிசி அடித்தளமோ உட்காரும் இடத்தில் குழிந்து, அங்கே தண்ணீர் தேங்கும். குறைந்தது மூன்று காற்றறைகள் தனித்தனியாக இருக்க வேண்டும். ஒன்று ஓட்டையானாலும் மற்றவை கரைசேர்க்கும்.

கரையெங்கும் சீமைக் கருவேல முள் கிடக்கும் என்பதால், வாகனத்திலிருந்து நீர்வரை கயாக்கைத் தரையில் இழுக்காமல் தூக்கியே செல்ல வேண்டும். வெயிலில் காற்று விரிவடையும். கரையில் முழு அழுத்தம் ஏற்றி அப்படியே போட்டுவைத்தால் தையல் பிரியலாம். சற்றுக் குறைவாக அடித்து, நீரில் இறக்கிக் குளிர்ந்தபின் மீதியை ஏற்றுவதே முறை.

விமானப் பயணத்துக்கு 15 கிலோவுக்குள் அடங்குவது வசதி. மின்கலப் பம்பைவிடக் கைப்பம்பு தொல்லையற்றது. ஓட்டையை அடைக்கும் ஒட்டுப் பசை தீப்பற்றும் பொருள் என்பதால் பெட்டியில் வைக்க முடியாது. இங்கே கடையில் கிடைக்கும் பைப் பசையோ காய்ந்ததும் இறுகி விரிசல் விட்டுவிடும். எனவே தானாக ஒட்டும் பட்டைகளைக் கொண்டுவாருங்கள். உயிர்காப்புச் சட்டையும் காற்றடைப்பதாக இல்லாமல் நுரை அடைத்ததாக இருக்கட்டும்.

கெளுத்தியின் முள்ளும் ஜிலேபி மீனின் முதுகுத் துடுப்பும் பிவிசியைக் குத்திவிடும்; காலடியில் நனைந்த சாக்கு ஒன்றை விரித்து, மீனை அதன்மேல் வைத்தே தூண்டில் முள்ளைக் கழற்ற வேண்டும். விடியற்காலையில் வெற்றுப் பாட்டில்கள் வரிசையாக மிதந்தால், அங்கே மீனவர்களின் வலை கிடக்கிறது என்று பொருள். கயாக்கின் அடியில் பின்புறம் நீட்டியிருக்கும் துடுப்புத்தகடு வலையில் மாட்டிக் கிழிக்காதபடி அவ்விடத்தைத் தள்ளிச் சுற்றிப் போங்கள்.