காய்ச்சல் வருவதற்கு முன் மருந்துப் பெட்டியைக் கொட்டிப் பாருங்கள்

புது நாட்டுக்கு வந்து ஆறு மாதம்கூட ஆகியிருக்காது. வேலையும் வீடும் இப்போதுதான் கொஞ்சம் பிடிபட்டிருக்கும். அதற்குள் எங்கோ பரவிக்கொண்டிருந்த தொற்று இங்கேயும் வந்துவிட்டது என்று செய்தியில் சொல்ல ஆரம்பிப்பார்கள். வாட்ஸப் குழுவில் ஒருவர் கழிவறைத் தாள் தீர்ந்து காலியான கடை அலமாரியைப் படம் பிடித்துப் போடுவார். அடுத்த அரை மணி நேரத்தில் குழுவில் பாதிப் பேர் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பியிருப்பார்கள்.

நானும் ஒரு முறை அப்படிக் கிளம்பியவள்தான். ஆனால் கழிவறைத் தாள் தீர்ந்துபோனதால் ஆஸ்பத்திரிக்குப் போனவர் யாரையும் நான் பார்த்ததில்லை. எங்கள் வீட்டில் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டி வந்தது, வீட்டில் மருந்து அதிகமாக இருந்ததால். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அதற்கு முன் மற்றவற்றை வேகமாக முடித்துவிடுகிறேன்.

உடம்பு நன்றாக இருக்கும்போதே ஒரு குடும்ப டாக்டரிடம் பதிவு செய்துகொள்ளுங்கள். பல நாடுகளில் நேரே போய் வரிசையில் உட்கார்ந்து டாக்டரைப் பார்த்துவிட முடியாது. தொற்று பரவும் நாட்களில் புதியவர்களைச் சேர்க்காமலும் போகலாம். காப்பீட்டு அட்டையின் இரண்டு பக்கத்தையும் போனில் படம் எடுத்து வையுங்கள். அவசர எண்ணை வீட்டில் எல்லோரும் மனப்பாடம் செய்யட்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 112, அமெரிக்காவிலும் கனடாவிலும் 911, பிரிட்டனில் 999, ஆஸ்திரேலியாவில் 000, நியூசிலாந்தில் 111. தடுப்பூசிச் சீட்டுகளை ஊரிலேயே விட்டுவிட்டு வந்திருந்தால் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். உடம்பு சரியில்லை என்றால் சம்பளத்தோடு எத்தனை நாள் விடுப்பு என்பதை அலுவலகத்தில் இன்றே கேட்டுவிடுங்கள். காய்ச்சலில் படுத்துக்கொண்டு அந்த மின்னஞ்சலை எழுத முடியாது.

ரத்த அழுத்தம், சர்க்கரை, தைராய்டு என்று தினமும் மாத்திரை போடுபவர்கள் ஒரு மாதத்துக்குக் குறையாமல் கையில் வைத்திருங்கள். ஊரிலிருந்து யாராவது கொண்டு வருவார்கள் என்று நம்பி இருக்க வேண்டாம். 2020 மார்ச் 11-ஆம் தேதி கொரோனா பெருந்தொற்று என்று உலக சுகாதார நிறுவனம் சொன்னது. அதே மார்ச் 23 முதல் இந்தியாவில் பன்னாட்டுப் பயணிகள் விமானம் இறங்க முடியவில்லை. நடுவில் இருந்தது பன்னிரண்டே நாள். வெளிநாட்டில் சிக்கியவர்களை அழைத்துவர இந்திய அரசு விட்ட வந்தே பாரத் விமானங்கள் மே 7-ஆம் தேதிதான் கிளம்பின. 'ஏதாவது ஒன்று என்றால் அடுத்த விமானத்தில் ஊருக்குப் போய்விடலாம்' என்ற எண்ணம்தான் அதுவரை எங்களுக்குத் தைரியமாக இருந்தது. அது போனதும் வீடே சின்னதாகிவிட்டது போல இருந்தது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

என் கொழுந்தன் படிக்க வந்து எங்களோடு தங்கியிருந்த முதல் குளிர்காலம். வரும்போது மூன்று டப்பா மருந்து கொண்டு வந்திருந்தான். மாமியார் ஒவ்வொன்றிலும் பேனாவால் காய்ச்சல், வயிறு, சளி என்று எழுதி அனுப்பியிருந்தார். ஊரில் மருந்துக்கடையில் பேர் சொல்லிக் கேட்டு வாங்குவோமே, அந்த 650 மாத்திரை, அதுவே பத்து அட்டை. இங்கே காய்ச்சல் பரவ ஆரம்பித்ததும் எங்களுக்கு உள்ளுக்குள் பெருமை. மற்றவர்கள் கடை கடையாக அலைகிறார்கள், நம்மிடம்தான் எல்லாம் இருக்கிறதே என்று.

அவனுக்குக் காய்ச்சல் வந்தது. ஆறு மணி நேரத்துக்கு ஒன்று என்று 650 போட்டான், ஒரு நாளைக்கு நாலு. அதில் தப்பே இல்லை. உடம்புவலி தாங்கவில்லை என்றதும் நான்தான் போய் வெந்நீரில் கரைத்துக் குடிக்கிற பொடியும், இரவில் தூங்குவதற்கு ஒரு சிரப்பும் வாங்கி வந்தேன். இந்த ஊர்க்காரர்கள் எல்லோரும் அதைத்தான் குடிக்கிறார்கள். அட்டையில் எலுமிச்சம்பழம் படம் போட்டிருந்தது. அதை ஒரு மருந்து என்றே நான் நினைக்கவில்லை.

மூன்றாம் நாள் காலையில் காய்ச்சல் குறைந்திருந்தது. ஆனால் ஒரே குமட்டல். குடித்த வெந்நீர்கூட நிற்கவில்லை. "அண்ணி, அந்தப் பொடி இன்னொண்ணு இருக்கா?" என்றான். தீர்ந்திருந்தது. மறுபடி கடைக்குப் போனேன். பார்மசியில் இருந்த பெண், யாருக்கு, எத்தனை நாளாக, வேறு என்ன மருந்து எடுக்கிறார் என்று வரிசையாகக் கேட்டார். எனக்கு எரிச்சல்தான் வந்தது. பின்னால் ஆட்கள் நிற்கிறார்கள், இவருக்கு என்ன விசாரணை? காய்ச்சலுக்கு எங்கள் நாட்டு மாத்திரை பாராசிட்டமால் இருக்கிறது, அது போதும் என்றேன், கொஞ்சம் கெத்தாகவே.

அவர் பொடி டப்பாவைத் திருப்பி, சின்ன எழுத்தில் இருந்த ஒரு வரியில் விரலை வைத்தார். அசெட்டமினோஃபென், 650 மில்லிகிராம். "இதுவும் அதுதான்" என்றார்.

பாராசிட்டமால் என்று நாம் சொல்வதற்கு அமெரிக்கா, கனடா, ஜப்பான் போன்ற நாடுகளில் அசெட்டமினோஃபென் என்று பெயர். ஒரே மருந்து. சளி, காய்ச்சலுக்கு என்று விற்கிற பொடி, சிரப், இரவு மாத்திரை என்று பலவற்றில் அது ஏற்கெனவே கலந்திருக்கிறது. பெரியவர்களுக்கு 24 மணி நேரத்தில் 4000 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது. ஒல்லியானவர்கள், கல்லீரல் கோளாறு உள்ளவர்கள், தினமும் குடிப்பவர்களுக்கு அதைவிடக் குறைவு. அங்கேயே நின்று கணக்குப் போட்டோம். மாத்திரை நாலு, 2600. பொடி ஒரு நாளைக்கு மூன்று முறை, 1950. இரவு சிரப்பில் 650. மொத்தம் 5200. இப்படி இரண்டு நாள்.

அவர் அங்கிருந்தே விஷமுறிவு உதவி எண்ணுக்குப் போன் செய்து, எங்களை அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்பினார். ரத்தம் எடுத்துப் பார்த்ததில் கல்லீரல் நொதிகளின் அளவு ஏறியிருந்தது. இந்த மருந்து அதிகமானால் முதல் நாள் ஒன்றுமே தெரியாமல்கூட இருக்கலாம், கல்லீரலில் சேதம் தெரிவது இரண்டாம் மூன்றாம் நாளில்தான் என்றார் டாக்டர். அவனுடைய குமட்டலை நாங்கள் காய்ச்சலின் கணக்கில் எழுதியிருந்தோம். இதற்கு முறிவு மருந்து இருக்கிறது, அசெட்டைல்சிஸ்டைன். எட்டு மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் நன்றாக வேலை செய்யும். தாமதமாகப் போனாலும் கொடுக்கிறார்கள். 21 மணி நேரம் சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொரு சொட்டையும் பார்த்துக்கொண்டிருந்தேன். நடுவில் மாமியார் போன் செய்தார். ஆஸ்பத்திரி என்று சொல்லவில்லை, காய்ச்சல் என்று மட்டும் சொன்னேன். "இன்னொரு மாத்திரை சேர்த்துப் போடச் சொல்லும்மா, சரியாயிடும்" என்றார். சரிங்க அத்தை என்று வைத்துவிட்டேன்.

பிழைத்துக்கொண்டான். கல்லீரலும் தேறிவிட்டது. எனக்குத்தான் இன்னும் ஆறவில்லை.

ஆகவே இன்று மாலையே உங்கள் மருந்துப் பெட்டியைத் தரையில் கொட்டுங்கள். ஊரிலிருந்து வந்தது ஒரு பக்கம், இங்கே வாங்கியது ஒரு பக்கம். பிராண்டுப் பெயரை விட்டுவிட்டு, பின்பக்கம் இருக்கிற மூலப்பொருள் பெயரைத் தேடிப் படியுங்கள். பாராசிட்டமாலோ அசெட்டமினோஃபெனோ எதில் இருந்தாலும் அதன் மேல் சிவப்புப் பேனாவால் ஒரு வட்டம் போடுங்கள். வட்டம் போட்ட இரண்டு மருந்தை ஒரே நாளில் யாருக்கும் கொடுக்காதீர்கள். பிரிட்டனில் 1998 முதல் சூப்பர்மார்க்கெட்டில் ஒரு டப்பாவுக்கு 16 பாராசிட்டமால்தான். இதற்கெல்லாம் போய் ஒரு சட்டமா என்று அங்கே இருக்கும் என் தோழி சொன்னபோது நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

குழந்தைகளுக்கு வயதைவிட எடைதான் கணக்கு. சொட்டு மருந்தும் சிரப்பும் ஒரே அடர்த்தியில் இருக்கும் என்று சொல்ல முடியாது, அதனால் டப்பாவோடு வரும் அளவுக் குழலை மாற்றிப் பயன்படுத்தாதீர்கள். சமையலறைக் கரண்டியால் அளக்கவே வேண்டாம். காய்ச்சலில் இருக்கும் குழந்தைக்கு ஆஸ்பிரின் கூடாது, மூளையையும் கல்லீரலையும் தாக்கும் ரேய்ஸ் சிண்ட்ரோம் என்ற ஆபத்து உண்டு. ஊரிலிருந்து பத்திரமாகக் கொண்டு வந்த ஆன்டிபயாட்டிக் பாக்டீரியாவுக்குத்தான், வைரஸ் காய்ச்சலுக்கு ஒன்றும் செய்யாது.

தெர்மாமீட்டர் ஒன்று வாங்குங்கள். இங்கே போனில் நர்ஸ் செல்சியஸில் கேட்பார், நீங்கள் பாரன்ஹீட்டில் சொல்வீர்கள், அல்லது நேர்மாறாக. 98.6 என்பது 37, 100.4 என்பது 38, 104 என்பது 40. ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டும், விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரும் இருந்தால் நல்லது. 94-க்குக் கீழே இறங்கினால் டாக்டரைக் கூப்பிடுங்கள். ஆனால் அதை ரொம்ப நம்பாதீர்கள். கறுத்த தோலில் அது உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டலாம் என்று அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2021-இல் எச்சரித்தது. நம்மில் பாதிப் பேருக்கு அது பொருந்தும். மூச்சு வாங்குகிறது, உதடு நீலமாகிறது, பேச்சு குழறுகிறது என்றால் எண் என்ன காட்டினாலும் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

வாந்தி, வயிற்றுப்போக்கு நோய் என்றால் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் பத்து வாங்கி வையுங்கள். கிடைக்காவிட்டால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரை தேக்கரண்டி உப்பு. உப்பு கூடிவிடக் கூடாது. சானிடைசரில் ஆல்கஹால் 60 சதவீதமாவது இருக்க வேண்டும், சோப்புத் தண்ணீர் இருக்குமிடத்தில் அதுவும் வேண்டாம். பிளீச்சோடு வேறு எந்தக் கழிவறைத் திரவத்தையும் கலக்காதீர்கள், விஷவாயு வரும். அப்புறம், குளிர் நாடு என்று எல்லா ஜன்னலையும் அடைத்து வைக்காமல், படுத்திருப்பவர் அறையில் ஒன்றையாவது கொஞ்சம் திறந்து வையுங்கள்.

தனியாக அறை எடுத்துத் தங்கியிருப்பவர்களைத்தான் நினைத்துக் கவலைப்படுகிறேன். வீட்டுச் சாவி ஒன்று நம்பிக்கையான ஒருவரிடம் இருக்கட்டும். காலையிலும் இரவிலும் ஒரு செய்தி, வராவிட்டால் அவர் வந்து கதவைத் திறக்க வேண்டும் என்று முன்பே பேசிவைத்துக்கொள்ளுங்கள். வெட்கப்படாதீர்கள். அம்மா பக்கத்து அறையில் இல்லை.

எங்கள் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் இப்போது ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் மருந்து, அளவு, நேரம் மூன்றையும் அதில் எழுதிவிட்டுத்தான் அடுத்த மாத்திரை. விஷமுறிவு எண்ணும் அதே தாளில் மேலே இருக்கிறது. மாமியார் எழுதி அனுப்பிய டப்பாக்களில் 'காய்ச்சல்' டப்பா இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. மிச்ச அட்டைகளுக்கு அடுத்த மாதத்தோடு காலாவதி. கழிவறையில் கொட்டக் கூடாது என்பதால் பார்மசியில் திருப்பிக் கொடுக்கப் பையில் எடுத்து வைத்திருக்கிறேன். டப்பாவை மட்டும் கொடுக்கப் போவதில்லை.