யூரோப்ல 24 கேவி பேனல் வாங்குறீங்களா? பேப்பர்ல எத பாக்கணும்

ஜெர்மனி மாதிரி இடத்துல 20 கேவி (20,000 வோல்ட்) லைனுக்கு 24 கேவி ரேட்டிங் உள்ள சுவிட்ச்கியர் பேனல், அதாவது கரண்ட ஆன், ஆஃப் பண்ற பெட்டி, பாக்குறீங்கன்னா மொதல்ல சிஇ ஸ்டிக்கர், அதாவது யூரோப் ரூலுக்கு ஒத்து வருதுங்கற முத்திரை, தேடுறத விட்ருங்க. லோ வோல்டேஜ் டைரக்டிவ், அதாவது 2014/35ங்கற யூரோப் சட்டம், ஏசில 50ல இருந்து 1000 வோல்ட், டிசில 75ல இருந்து 1500 வோல்ட், அதோட சரி, மெஷினரி டைரக்டிவ்லயும் ஹைவோல்டேஜ் சுவிட்ச்கியர் வராது. உள்ள இருக்குற ரிலே, மீட்டர்ல சிஇ இருக்கும், அத காட்டி மொத்த பேனலுக்கும் இருக்குன்னு சேல்ஸ்காரர் சொன்னா நம்பாதீங்க. டிரான்ஸ்ஃபார்மர் கதை வேற, 548/2014 ஈகோடிசைன் ரூல்னால அதுக்கு சிஇ வேணும், ஆனா அது லாஸ் (வீணாகுற கரண்ட்) எவ்ளோங்கறதுக்கான சிஇ, சேஃப்டிக்கு இல்ல.

கேக்க வேண்டியது இஎன் ஐஇசி 62271-200 ஸ்டாண்டர்டுபடி அந்த மாடல டெஸ்ட் பண்ண டைப் டெஸ்ட் ரிப்போர்ட். முன்னாடி பேஜ் மட்டும் அனுப்புவாங்க, முழுசா கேளுங்க. 24 கேவின்னா 1 நிமிஷம் 50 கேவி, இம்பல்ஸ் (மின்னல் மாதிரி திடீர்னு ஏறுற வோல்டேஜ்) 125 கேவி தாங்கியிருக்கணும், 28, 75ன்னு போட்டிருந்தா அது 12 கேவி பேனலோட ரிப்போர்ட்.

அடுத்து இன்டர்னல் ஆர்க், அதாவது பேனலுக்குள்ள ஷார்ட் ஆகி நெருப்பா வெடிக்கிறது, இதுதான் ஆள் உயிர் சமாச்சாரம். நேம்பிளேட்ல ஐஏசி (இன்டர்னல் ஆர்க் கிளாஸ்) ஏஎஃப்எல்ஆர் 20 கேஏ (20,000 ஆம்பியர்) 1 செகண்ட்ங்கற மாதிரி இருக்கும். இதுல 'ஏ'ங்கற எழுத்துக்கு டிரெய்னிங் எடுத்த ஆளுங்க மட்டும் கிட்ட வரலாம்னு அர்த்தம், எஃப் முன்பக்கம், எல் சைடு, ஆர் பின்பக்கம். ஆர் இல்லன்னா பேனல் லைவ்ல இருக்கும்போது பின்னாடி யாரும் போகவே கூடாது. டெஸ்ட்ல உள்ள வேணும்னே ஆர்க் அடிக்க விட்டு, 30 செ.மீ தள்ளி கருப்பு காட்டன் துணி மாட்டி வச்சிருப்பாங்க, துணி பத்துனா ஃபெயில், கதவு தொறந்துகிட்டா ஃபெயில், 60 கிராமுக்கு மேல துண்டு பறந்தா அதுவும் ஃபெயில். எந்த சீலிங் உயரத்துல டெஸ்ட் பண்ணாங்கன்னும் பாருங்க, உங்க ரூம் அதவிட தாழ்வா இருந்தா அந்த ரிப்போர்ட்ட வச்சு ஒண்ணும் பண்ண முடியாது (இத பெரும்பாலும் யாரும் பாக்குறதே இல்ல).

பழைய ஸ்டாக்க சல்லிசா தர்றேன்னு வந்தா கேஸ் என்னன்னு கேளுங்க. யூரோப்போட 2024/573 ரூல்படி 2026 ஜனவரி 1ல இருந்து 24 கேவி வரைக்கும் எஸ்எஃப்6 (இன்சுலேஷனுக்கு உள்ள அடைக்கிற, பூமிய சூடாக்குற கேஸ்) உள்ள புது பேனல ஓட்டத்துக்கு கொண்டு வர முடியாது, விதிவிலக்கு கொஞ்சம்தான். அதுக்கு பதிலா வேக்கம் பிரேக்கரும் (வெற்றிடத்துல கரண்ட துண்டிக்கிற சுவிட்ச்) டிரை ஏரும் (ஈரமில்லாத காத்து) உள்ளதா பாருங்க.

மாட்டினதுக்கு அப்புறம் அதுல வேலை செய்யுறதுக்கான சேஃப்டி ஸ்டாண்டர்ட் இஎன் 50110. ஜெர்மன்காரங்க வரிசையா அஞ்சு சொல்வாங்க: ஆஃப் பண்ணி பிரி, திரும்ப ஆன் ஆகாம பூட்டு, சப்ளை இல்லன்னு டெஸ்ட் பண்ணு, எர்த் பண்ணி ஷார்ட் பண்ணு, பக்கத்துல லைவ்ல இருக்குறத மூடு. டெஸ்ட் பண்ற டிடெக்டரே வேலை செய்யுதான்னு தொடுறதுக்கு முன்னாடியும் அப்புறமும் செக் பண்ணிக்கோங்க.