சூரத்தில் தொழிற்சாலை இருந்ததா? காலனிக் காலச் சொற்களைக் கற்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காலனிக் கால வரலாற்றைப் புதிதாகப் படிக்க வருகிறவர்களின் குறிப்பேட்டைப் புரட்டினால், முன்னால் போனவர்கள் வழுக்கிய அதே இடத்தில் அவர்களும் வழுக்கியிருப்பது தெரியும். எழுத்துப்பிழையும் ஆண்டு மாறிப்போவதும் நாளடைவில் தாமே சரியாகும். சரியாகாதவை வேறு.

இன்றைய பொருளை அன்றைய சொல்மேல் ஏற்றுவது

'1613இல் ஆங்கிலேயர் சூரத்தில் தொழிற்சாலை அமைத்தனர்.' இந்த வாக்கியத்துக்கு எப்போதுதான் ஓய்வு கிடைக்குமோ! ஃபேக்டரி என்பதைக் கண்டதும் இன்றைய அகராதியைத் திறந்ததால் வந்த வினை. ஃபேக்டர் என்றால் கிழக்கிந்தியக் கம்பெனியின் வணிக முகவர். அவர் தங்கி, சரக்கு வாங்கி, எடை போட்டு, அடுக்கி வைத்த இடம்தான் ஃபேக்டரி. போர்ச்சுகீசியர் ஆங்கிலேயருக்கு முன்பே இதே பொருளில் ஃபெய்தோரியா என்றார்கள். தமிழில் பண்டகசாலை என்று சொன்னால் பொருந்தும்.

பண்டகசாலை எதற்கு என்று ஒருமுறை கேட்டுப் பார்த்தவருக்குச் சொல் மறக்காது. கப்பல்கள் பருவக்காற்றை நம்பி வந்துபோயின. கப்பல் கரைக்கு வந்தபின் துணி தேடக் கிளம்பினால் காற்று திசை மாறிவிடும். ஆகவே ஆட்கள் கரையிலேயே தங்கி, தரகர் வழியாக நெசவாளர்களுக்கு முன்பணம் கொடுத்து, அடுத்த கப்பலுக்குள் சரக்குச் சேர்த்தார்கள். துணி நெய்யப்பட்டதோ நெசவாளர் வீட்டுத் தறியில்.

தொழிற்சாலை என்று பதிய வைத்தவர், கம்பெனி 17ஆம் நூற்றாண்டிலேயே இங்கு இயந்திரத் தொழிலைக் கொண்டுவந்ததாக நினைப்பார். இங்கிலாந்திலேயே நூற்பு இயந்திரங்கள் பரவியது 18ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில்தான். பிறகு லங்காஷயர் ஆலைத் துணி வந்து கைத்தறியை நசுக்கிய பாடம் வரும்போது அவருக்குத் தலைகால் புரியாது.

இதே வகையில் இன்னும் சில. 1744இல் ராபர்ட் கிளைவ் சென்னைக்கு ரைட்டராக வந்தார். கணக்கும் கடிதமும் எழுதும் கீழ்நிலை எழுத்தர் வேலை. 'எழுத்தாளர் கிளைவ்' என்று மொழிபெயர்த்தால் சிரிப்புதான் வரும். ரெசிடென்ட் என்பவர் சமஸ்தான அரசவையில் அமர்த்தப்பட்ட கம்பெனிப் பிரதிநிதி. துபாஷியை 'இருமொழி அறிந்தவர்' என்ற வேர்ப்பொருளோடு நிறுத்தினால், புதுச்சேரியின் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேயின் துபாஷியான ஆனந்தரங்கப் பிள்ளை பெரும் வணிகராகவும் இருந்தது விளங்காது. தரகும் தூதும் அந்த வேலைக்குள் அடக்கம். கிஸ்தி என்றால் வரி என்று எல்லாரும் எழுதுகிறார்கள். அதன் மூலப்பொருள் தவணை.

ஒரு சொல்லுக்கு ஓர் அட்டை போடுங்கள். பின்பக்கம் நான்கு வரி: எந்த மொழிச் சொல், யார் யாரிடம் பயன்படுத்தியது, எந்த ஆண்டு எந்த ஊர், இன்று என்ன பொருள். நான்காவது வரியைச் சிவப்பு மையில் எழுதி, குறுக்கே ஒரு கோடு போட்டுவிடுங்கள்.

ஆண்டு போடாமல் பொருள் எழுதுவது

ஜமீன்தார் என்றால் நில உடைமையாளர். 1793க்குப் பிந்தைய வங்காளத்துக்கு இது சரி. முகலாயர் காலத்தில் அவர் நிலவரியை வசூலித்துக் கொடுத்து, அதில் தமக்கென ஒரு பங்கு பெறும் உரிமை உள்ளவர். கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸின் நிலையான நிலவரித் திட்டம் அவரை உடைமையாளர் ஆக்கியது. அட்டையில் 'முன்', 'பின்' என்று இரண்டு வரி வேண்டும்.

ஒரே சாயல் சொற்களை ஒரே நாளில் படிப்பது

ஜமீன்தாரி, ரயத்துவாரி, மகல்வாரி என்ற நிலவரி முறைகள் மூன்றையும் ஒரே மாலையில் படித்தால் மறுநாள் மூன்றும் கலந்துவிடும். ரயத்துவாரியை மட்டும் முதலில் எடுங்கள். ரயத்து என்றால் குடியானவர். வரி யாரிடம் கேட்கப்பட்டது என்பது சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. நாலைந்து நாள் விட்டு மகல்வாரி: மகல் என்பது வரிக்கணக்குக்கான ஊர் அல்லது ஊர்த்தொகுதி. ஒரு கண்ணி உண்டு. 1792க்குப் பின் கம்பெனி அதிகாரிகளான ரீடும் மன்றோவும் ரயத்துவாரியைச் சோதித்துப் பார்த்த பகுதியின் பெயர் பாராமகால். பெயரில் மகால் இருக்கிறதே என்று அதை மகல்வாரியில் சேர்க்காதீர்கள்.

எல்லாவற்றையும் ஒரே தலைப்பில் திணிப்பது

கவர்னர் ஜெனரல் டல்ஹௌசி இணைத்த நாடுகள் எல்லாம் வாரிசு இழப்புக் கொள்கையில் (ஆண் வாரிசு இல்லாமல் அரசர் இறந்தால் நாடு கம்பெனிக்கு என்பது) சேரா. சதாரா (1848), நாக்பூர் (1854) சேரும். அவத் (1856) சேராது: நவாப் வாஜித் அலி ஷா உயிரோடுதான் இருந்தார், சொல்லப்பட்ட காரணம் சீர்கெட்ட ஆட்சி.

அகரவரிசையில் மனப்பாடம்

வேண்டாம்.

நாளுக்கு 30 சொல்

8 போதும். மறுநாள், 3ஆம் நாள், 7ஆம் நாள், 21ஆம் நாள் அட்டையைத் திருப்பாமல் பொருள் சொல்லிப் பாருங்கள். சும்மா வாசித்துக்கொண்டே போவது கணக்கில் வராது.

கலகமா, புரட்சியா?

வேலூர்ச் சிப்பாய் எழுச்சி (1806) ஆனாலும் 1857 எழுச்சி ஆனாலும், பெயரோடு அதை வைத்தவர் எந்தப் பக்கம் என்பதையும் எழுதுங்கள்.

செத்த சொல் என்று ஒதுக்குவது

தமிழ்நாட்டில் ஜமாபந்தி, அதாவது ஊர் வருவாய்க் கணக்குத் தணிக்கை, இன்றும் நடக்கிறது. தாசில்தார் என்ற சொல்லுக்குள் 'வசூல்' இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பழைய நில ஆவணத்தில் பசலி (வருவாய்க் கணக்கு ஆண்டு) 1310 என்று இருந்தால் 590ஐக் கூட்டுங்கள்: 1900 ஜூலை முதல் 1901 ஜூன் வரை.